பால் கொள்முதல் ஆப்புக்கு சர்வர் அமைப்பது: போனில் ஏறும் பதிவிலிருந்து அச்சாகும் பட்டியல் வரை

ஊர் ஊராக ஏழெட்டு பால் கொள்முதல் நிலையங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆண்ட்ராய்டு போன். காலையும் மாலையும் பால் ஊற்றும்போது உறுப்பினர் எண், லிட்டர், ஃபேட் (கொழுப்பு), எஸ்என்எஃப் (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) எல்லாம் போனில் ஏறுகின்றன. அலுவலகத்தில் அன்றைய கொள்முதல் பட்டியலும், பத்து நாளுக்கு ஒருமுறை பட்டுவாடா பட்டியலும் அச்சாக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சர்வரை அமைப்பதற்கான வழிகாட்டி இது. உரக்கடை, மளிகை ஏஜென்சி, லைன் சேல்ஸ் என்று எதற்குச் செய்தாலும் அமைப்பு ஏறக்குறைய இதேதான்.

புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் பிரிண்டரில்தான் தொடங்குகிறார்கள். காகிதம் வெளியே வந்தால் வேலை நடந்துவிட்டது போலத் தெரியும். ஆனால் வரிசை நேர் எதிரானது. முதலில் பதிவு தொலையாமல் வந்து சேர வேண்டும், அடுத்து அது பத்திரமாக இருக்க வேண்டும், அப்புறம்தான் பட்டியல், கடைசியில் அச்சு. பிரிண்டரில் காகிதம் தீர்ந்துபோனதால் ஒரு நிலையத்தின் பால் கணக்கு ஏறாமல் நின்றது என்ற நிலை எந்தக் காலத்திலும் வரக் கூடாது. கீழே உள்ள ஒவ்வொரு படியும் இதை மனத்தில் வைத்தே போடப்பட்டிருக்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு டொமைன் பெயர், ஒரு விபிஎஸ் (டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுக்கும் சர்வர்), அலுவலகத்தில் எப்போதும் ஓடக்கூடிய ஒரு சின்ன கணினி, நெட்வொர்க்கில் இணையும் ஏ4 லேசர் பிரிண்டர். சின்ன கணினிக்கு ராஸ்பெர்ரி பை போதும். பழைய லேப்டாப் இருந்தால் இன்னும் நல்லது, கரண்ட் போனாலும் பேட்டரி தாங்கும்.

இவற்றைவிட முக்கியம் உறுப்பினர் பட்டியல். பல இடங்களில் பெயர்கள் பழைய எக்செல் கோப்பில், பாமினி அல்லது வானவில் எழுத்துருவில் கிடக்கும். பார்க்கத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அவற்றை முதலிலேயே யூனிகோடுக்கு மாற்றி, ஊர்க்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தடவை வாசித்துச் சரிபார்த்துவிடுங்கள். சர்வரில் ஏற்றிய பிறகு திருத்துவது பத்து மடங்கு வேலை.

இன்னொன்று: பால் லிட்டரிலா, கிலோவிலா? ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய 1.03 கிலோ. நிலையத்தில் லிட்டர், சில்லிங் சென்டரில் (பால் குளிரூட்டும் இடம்) கிலோ என்று இருந்தால் கணக்கு ஒருநாளும் ஒட்டாது. எந்த அளவு என்பதை எழுதி வைத்துவிட்டே அடுத்த படிக்குப் போங்கள்.

2. சர்வர் எங்கே இருக்க வேண்டும்

அலுவலகக் கணினியையே சர்வராக வைத்துக்கொள்ளலாமே என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். இதில் தடை இணைய இணைப்புதான். சாதாரண பிராட்பேண்டில் உங்களுக்கென்று தனி ஐபி முகவரி கிடைப்பது அரிது. ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வார்கள். வெளியிலிருந்து போன்கள் உங்கள் கணினியைத் தேடி வர வழியே இருக்காது. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே திருப்புவது) எத்தனை முறை போட்டாலும் வேலை செய்யாததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அதனால் விபிஎஸ். மும்பை, பெங்களூரு போன்ற இந்திய டேட்டா சென்டர்களிலேயே கிடைக்கிறது. 2 ஜிபி ரேம் எடுங்கள். 1 ஜிபியிலும் பதிவு வாங்கும் வேலை ஓடும். ஆனால் முந்நூறு உறுப்பினர் உள்ள பட்டுவாடா பட்டியலை பிடிஎஃப் ஆக்கும்போது நினைவகம் போதாமல் நிரல் பாதியில் நிற்க வாய்ப்புண்டு. இயங்குதளம் உபுண்டு சர்வர் 24.04 எல்டிஎஸ், 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு.

3. முதலில் பூட்டு, ஆனால் சாவி கையில் இருக்கட்டும்

இந்தப் படியில் வரிசை தவறினால் உங்கள் சர்வருக்குள் நீங்களே நுழைய முடியாது. ஆகவே இதே வரிசையில் செய்யுங்கள்.

ரூட் (முழு அதிகாரம் கொண்ட பயனர்) அல்லாத ஒரு பயனரை உருவாக்கி, அவருக்கு எஸ்எஸ்ஹெச் சாவியை (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் கோப்பு) பொருத்துங்கள். இப்போது இருக்கும் டெர்மினல் ஜன்னலை மூடாமல், இன்னொரு ஜன்னலில் அந்தச் சாவியை வைத்து உள்ளே நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்த பிறகே பாஸ்வேர்ட் நுழைவை நிறுத்த வேண்டும்.

அடுத்து யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால். முதலில் 22 (எஸ்எஸ்ஹெச்), 80, 443 (வலை) ஆகிய மூன்று போர்ட்டுகளுக்கு அனுமதி கொடுங்கள், அதன் பிறகு ஃபயர்வாலை இயக்குங்கள். இயக்கிவிட்டு அப்புறம் அனுமதி கொடுக்கலாம் என்று நினைத்தால், இணைப்பு அறுந்ததும் திரும்பி வர வழியில்லை. தரவுத்தளத்தின் 5432, அச்சுச் சேவையின் 631 இரண்டையும் இங்கே திறக்கவே கூடாது. டாக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் கருவி) வழியாக ஏதாவது ஓட்டினால் ஒரு எச்சரிக்கை: டாக்கர் திறக்கும் போர்ட் யுஎஃப்டபிள்யூ விதிகளைத் தாண்டி வெளியே தெரியும். வெளியிலிருந்து ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

4. டொமைனும் சான்றிதழும்

டொமைனின் ஏ பதிவை (பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் குறிப்பு) விபிஎஸ்ஸின் ஐபிக்குத் திருப்பி, அது பரவிய பின்னரே செர்ட்பாட் என்ற நிரல் வழியாக, இணைப்பைக் குறியாக்கம் செய்ய லெட்ஸ் என்கிரிப்ட் சேவையின் சான்றிதழ் கேளுங்கள். முன்கூட்டியே பலமுறை முயன்றால் அந்தச் சேவையின் வரம்பைத் தொட்டுச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டிவரும்.

சான்றிதழ் கட்டாயம். ஆண்ட்ராய்டு 9 முதல், குறியாக்கம் இல்லாத இணைப்பை ஆப் இயல்பாகவே மறுத்துவிடும். கணினியில் எமுலேட்டரில் (போனைப் போல நடிக்கும் நிரல்) ஓடியது, போனில் ஓடவில்லை என்று வரும் குழப்பங்களில் பாதி இதனால்தான். மீதிப் பாதி, எமுலேட்டருக்கு மட்டுமே பொருந்தும் 10.0.2.2 என்ற முகவரியை அப்படியே விட்டுவிடுவதால்.

80-ஆம் போர்ட் தேவையில்லை என்று பிறகு மூடிவிடாதீர்கள். சான்றிதழ் வழக்கமாக 90 நாளுக்குத்தான். புதுப்பிக்கும்போது அந்த வழியாகத்தான் சரிபார்ப்பு நடக்கும். மூடிவிட்டால் அன்று ஒன்றும் தெரியாது, மூன்று மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் எல்லாப் போனும் ஒன்றாக நிற்கும்.

5. தரவுத்தளம்: நாலு விஷயத்தில் பிடிவாதம் வேண்டும்

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் போதும். உபுண்டு 24.04-இல் 16-ஆம் பதிப்பு கூடவே வருகிறது. அட்டவணை எழுதும்போது கீழே உள்ள நாலையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முதலாவது, பணமும் அளவும் தசம வகையில் இருக்க வேண்டும், மிதவை எண்ணில் (ஃப்ளோட்) கூடாது. மிதவை எண்ணில் 0.1-ஐக்கூடச் சரியாக வைக்க முடியாது. ஒரு வரியில் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிசகு, பத்து நாள் கூட்டலில் பைசாவாகத் தெரியும். பைசா ஒட்டவில்லை என்றால் யாரும் கணக்கை நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது, கொள்முதல் நாளும் வேளையும் தனித்தனிப் பத்தி (அட்டவணையின் நெடுவரிசை). பதிவான நேரத்திலிருந்து நாளைக் கணக்கிடாதீர்கள். விபிஎஸ்ஸின் கடிகாரம் வழக்கமாக யுடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடும். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். அதாவது சர்வருக்கு நாள் மாறுவது நம் ஊரில் காலை 5.30-க்கு. விடியற்காலை 5 மணிக்கு ஊற்றிய பால் முந்தைய நாள் கணக்கில் விழும், 5.45-க்கு ஊற்றியது இன்றைய கணக்கில் விழும். ஒரே வேளையின் பால் இரண்டு நாளாகப் பிளந்து நிற்கும்போது பிழை எங்கே என்று தேடிக் களைத்துப்போவார்கள். நேரத்தை யுடிசியிலேயே வையுங்கள். நாள், காலை அல்லது மாலை என்பதை மட்டும் போனிலிருந்தே வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, எதையும் அழிக்கக் கூடாது. தவறான பதிவை ‘ரத்து’ என்று குறித்துவிட்டுப் புதிதாக ஒன்று போடுங்கள். பால் ஊற்றியவர் ஸ்லிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்க வருவார். அந்த ஸ்லிப்புக்கு உரிய வரி சர்வரில் இல்லை என்றால் பதில் சொல்ல முடியாது.

நான்காவது, தமிழ்ப் பெயர்களின் அகரவரிசை. இயல்பான அமைப்பில் யூனிகோடு எண் வரிசைப்படிதான் அடுக்கும். அதில் ‘ந’ முடிந்ததும் ‘ன’ வரும், ‘ர’வுக்கு அடுத்து ‘ற’ வரும். ஐசியூ (மொழிவாரி வரிசை தரும் நூலகம்) வழியான தமிழ் வரிசையைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

6. பதிவை வாங்கும் பகுதி

முழு அமைப்பிலும் உயிர் இங்கேதான் இருக்கிறது. நேரம் எடுத்துச் செய்யுங்கள்.

ஆப் நேராகத் தரவுத்தளத்தோடு பேசக் கூடாது. தரவுத்தள பாஸ்வேர்டை ஆப்புக்குள் வைத்தால், ஏபிகே கோப்பை (ஆப்பின் நிறுவல் கோப்பு) பிரிக்கத் தெரிந்த யாரும் அதை எடுத்துவிடலாம். நடுவில் ஒரு ஏபிஐ (ஆப் பேசுவதற்கான நடு நிரல்) வேண்டும். நான் பரிந்துரைப்பது ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பு. நிர்வாகத் திரை கூடவே வருவதால் உறுப்பினர் சேர்க்க, விலை மாற்றத் தனியாகத் திரை எழுத வேண்டியதில்லை. குனிகார்ன் என்ற நிரல் அதை ஓட்டும், வரும் கோரிக்கைகளை வாங்க முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் நிற்கும், சர்வர் மறுதொடக்கம் ஆனால் தானே எழுந்துகொள்ள சிஸ்டம்டி (உபுண்டுவில் சேவைகளைத் தொடங்கும் நிரல்) சேவையாகப் பதிந்துவிடுங்கள். ஒவ்வொரு போனுக்கும் தனி டோக்கன் (ரகசியக் குறியீடு) கொடுங்கள். போன் தொலைந்தால் அந்த ஒன்றை மட்டும் முடக்கலாம்.

இனி சிக்னல் பிரச்சினை. காலை 6 மணி, வரிசையில் இருபது பேர், சிக்னல் ஒரு கோடு. ஆப் முதலில் போனுக்குள் இருக்கும் எஸ்க்யூலைட் என்ற சின்ன தரவுத்தளத்தில் எழுத வேண்டும். சர்வருக்கு அனுப்புவது பின்னணி வேலை. சேமித்தவுடன் அடுத்த ஆளின் எண்ணைத் தட்டுவதற்குத் திரை தயாராக இருக்க வேண்டும்.

இங்கே ஒரு நுட்பமான ஆபத்து இருக்கிறது. போன் பதிவை அனுப்புகிறது. சர்வர் எழுதிவிடுகிறது. ‘வந்தது’ என்ற பதில் திரும்பும் வழியில் சிக்னல் போய்விடுகிறது. போனுக்குப் பதில் வரவில்லை, மறுபடி அனுப்புகிறது. சர்வர் இரண்டாவது முறையும் எழுதினால் ஒரே பாலுக்கு இரண்டு முறை பணம். இதைத் தடுக்க, பதிவு உருவாகும்போதே போன் ஒரு யூயூஐடி (வேறெதனோடும் ஒத்துப்போகாத அடையாள எண்) போட வேண்டும். தரவுத்தளத்தில் அந்தப் பத்தி தனித்துவமானதாக இருக்க வேண்டும். அதே யூயூஐடி மீண்டும் வந்தால் சர்வர் பிழை என்று சொல்லக் கூடாது, ‘ஏற்கெனவே இருக்கிறது, சரி’ என்று வெற்றியாகவே பதில் சொல்ல வேண்டும். பிழை என்று சொன்னால் போன் அதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும்.

உறுப்பினர் எண்ணும் நாளும் வேளையும் ஒன்றாக இருந்தால் இரட்டைப் பதிவு என்று கொள்ளலாமே எனச் சிலர் கேட்பார்கள். கூடாது. ஒரே வீட்டிலிருந்து மாட்டுப்பால் ஒரு கேன், எருமைப்பால் ஒரு கேன் என்று இரண்டு முறை ஊற்றுவது வழக்கம்தான்.

ஐம்பது பதிவை ஒன்றாக அனுப்பும்போது சர்வர் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லட்டும். இல்லாத உறுப்பினர் எண்ணோடு ஒரே ஒரு வரி இருந்து, அதனால் ஐம்பதும் நிராகரிக்கப்பட்டால், அந்தப் போனிலிருந்து அதன்பிறகு ஒன்றும் வராது. தவறான வரியைத் தனியாக ஒதுக்கி, அலுவலகத் திரையில் காட்டி, மற்றவற்றை ஏற்றுக்கொள்ளுங்கள்.

விலை பற்றி ஒன்று. ஸ்லிப்பில் தொகை உடனே தெரிய வேண்டும், ஆகவே ரேட் சார்ட் (விலை அட்டவணை) போனிலும் இருக்கும். ஒவ்வொரு சார்ட்டுக்கும் பதிப்பு எண் கொடுத்து, எந்தப் பதிப்பில் கணக்கிட்டது என்பதைப் பதிவோடு சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். சர்வர் தானும் ஒருமுறை கணக்கிட்டு, தொகை மாறினால் எச்சரிக்கை காட்டட்டும். நேற்று விலை ஏறியதும், ஒரு நிலையத்தின் போன் இன்னும் பழைய சார்ட்டில் இருப்பதும் இப்படித்தான் தெரியவரும்.

பின்னணியில் அனுப்ப ஆண்ட்ராய்டின் ஒர்க்மேனேஜரைப் பயன்படுத்தினால், திரும்பத் திரும்ப ஓடும் வேலைக்கு அதன் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம் என்பதை நினைவில் வையுங்கள். அது போக, ஒவ்வொரு சேமிப்புக்குப் பிறகும் ஒரு முயற்சி, கையால் தட்ட ஒரு பொத்தான், இன்னும் போகாத பதிவு எத்தனை என்று திரையின் மேலே பெரிய எழுத்தில் ஓர் எண். அந்த எண் சுழியமானால்தான் நிலையத்தைப் பூட்ட வேண்டும் என்று பழக்குங்கள்.

பேரேட்டைப் படமெடுத்து அனுப்பும் வசதி வைத்தால், என்ஜின்எக்ஸின் பதிவேற்ற வரம்பு இயல்பாக 1 எம்பிதான். 413 என்ற பிழை வந்தால் பார்க்க வேண்டிய இடம் அது.

7. பேக்கப்

பட்டியல் வேலைக்குப் போகும் முன்பே இதை முடியுங்கள். இரவில் ஒருமுறை பிஜிடம்ப் (தரவுத்தளத்தின் நகல்) எடுத்து, விபிஎஸ்ஸுக்கு வெளியே இன்னொரு இடத்துக்கு அனுப்புங்கள். மாதம் ஒருமுறை அதை வேறொரு கணினியில் திரும்ப ஏற்றி, மொத்த லிட்டர் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நம்பி இருக்க முடியாது.

8. பட்டியலை பிடிஎஃப் ஆக்குவது

பொத்தானைத் தட்டியவுடன் அந்த வலைக் கோரிக்கைக்குள்ளேயே பிடிஎஃப் செய்யாதீர்கள். குனிகார்ன் இயல்பாக 30 நொடியில் பதில் வராத வேலையைக் கொன்றுவிடும்; பெரிய பட்டியல் அதைத் தாண்டலாம். அந்த நேரத்தில் போன்களின் பதிவுகளும் காத்து நிற்கும். ‘பட்டியல் வேண்டும்’ என்று ஒரு வரியை மட்டும் எழுதிவிட்டு, தனி நிரல் ஒன்று பின்னால் அதை எடுத்துச் செய்யட்டும்.

தமிழில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். முதல் தடுக்கல், கட்டம் கட்டமாக அச்சாவது. விபிஎஸ்ஸில் தமிழ் எழுத்துரு எதுவும் இருக்காது. நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழை நிறுவினால் தீர்ந்தது.

இரண்டாவது இன்னும் மோசம். எழுத்துரு இருக்கும், எழுத்துகள் தெரியும், ஆனால் ‘கோவிந்தம்மாள்’ என்பதில் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நிற்கும், ‘முருகேசன்’ என்பதில் ‘மு’வும் ‘ரு’வும் கூடாமல் மெய்யும் உகரக் குறியும் தனித்தனியாகக் கிடக்கும். சில பிடிஎஃப் நூலகங்கள் எழுத்துகளை வரிசையாக வைப்பதோடு நிறுத்திக்கொள்கின்றன, தமிழுக்கு வேண்டிய எழுத்து கூட்டும் வேலையைச் செய்வதில்லை. ரிப்போர்ட்லேப் என்ற நூலகத்தின் வழக்கமான அமைப்பில் இதைப் பார்க்கலாம். ஹெச்டிஎம்எல்லை பிடிஎஃப் ஆக்கும் வீஸிபிரிண்ட்டை எடுங்கள், அது பேங்கோ, ஹார்ஃப்பஸ் என்ற நூலகங்கள் வழியாக எழுத்துகளை அமைப்பதால் தமிழ் சரியாக வரும். ஹெச்டிஎம்எல் தெரிந்தால் போதும், பட்டியலின் தலைப்பு வரி ஒவ்வொரு பக்கத்திலும் தானே திரும்ப வரும், பக்க எண்ணும் போடலாம். கோவிந்தம்மாள், முருகேசன், சௌந்தரம், ஸ்ரீரங்கம் ஆகிய நாலையும் ஒரு சோதனைப் பக்கத்தில் அச்சிட்டுப் பாருங்கள். நாலும் சரியென்றால் மற்ற பெயர்களுக்குப் பயமில்லை.

மூன்றாவது, கண்ணுக்கே தெரியாதது. ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறி ஒன்றாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. அச்சில் இரண்டும் ஒன்றே. தேடலில் வேறு வேறு. பெயர் உள்ளே வரும்போதே என்எஃப்சி முறைக்கு (யூனிகோடின் ஒன்றாக்கிய வடிவம்) மாற்றிச் சேமித்தால் இந்தத் தொல்லை இல்லை.

நிலையத்தில் கொடுக்கும் ஸ்லிப்பை சர்வர் வழியாக அச்சிடாதீர்கள். சிக்னல் இல்லாத நேரத்தில் ஸ்லிப்பும் இல்லாமல் போகும். போனிலிருந்து நேராக ப்ளூடூத் தெர்மல் பிரிண்டருக்குப் போகட்டும். பெரும்பாலான தெர்மல் பிரிண்டர்களின் உள்ளமைந்த எழுத்துருவில் தமிழ் கிடையாது. ஆகவே ஸ்லிப்பைப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். 58 மிமீ காகிதத்துக்கு அகலம் வழக்கமாக 384 புள்ளி, 80 மிமீக்கு 576.

9. அலுவலகத்தில் அச்சு

விபிஎஸ்ஸிலிருந்து அலுவலக பிரிண்டரைத் தொட வழியில்லை, காரணம் 2-ஆம் படியில் சொன்ன அதே ஐபி விஷயம். ஆகவே திசையை மாற்றுங்கள். அலுவலகத்தில் இருக்கும் சின்ன கணினி பத்து நொடிக்கு ஒருமுறை சர்வரிடம் ‘அச்சிட ஏதாவது இருக்கிறதா’ என்று கேட்கட்டும். இருந்தால் பிடிஎஃப்பை இறக்கி, கப்ஸ் (லினக்ஸின் அச்சுச் சேவை) வழியாக பிரிண்டருக்குக் கொடுக்கட்டும். உள்ளிருந்து வெளியே போகும் இணைப்பு என்பதால் ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டாம். நெட் போனாலும் வரிசை சர்வரில் பத்திரமாக நிற்கும்.

கப்ஸில் பிரிண்டரைச் சேர்த்ததும் இயல்பான காகித அளவு ஏ4 என்று இருக்கிறதா பாருங்கள். லெட்டர் (ஏ4-ஐவிட உயரம் குறைந்த காகித அளவு) என்று இருந்தால் கடைசி வரிகள் வெட்டுப்படும். பட்டுவாடா பட்டியலில் கடைசி வரிதான் மொத்தத் தொகை. பிழை வந்தால் பிரிண்டரையே நிறுத்திவிடும் விதி இருந்தால், மறுமுயற்சி செய்யும் விதிக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் காகிதம் வைத்த பிறகும் பிரிண்டர் தூங்கிக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு அச்சு வேலைக்கும் நிலை வையுங்கள்: காத்திருக்கிறது, எடுக்கப்பட்டது, முடிந்தது, தோல்வி. கப்ஸ் வேலையை வாங்கிக்கொண்டது என்பதால் காகிதம் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கப்ஸிடமே வேலை முடிந்ததா என்று கேட்டுத்தான் ‘முடிந்தது’ போட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ‘எடுக்கப்பட்டது’ என்றே நின்றால் திரையில் சிவப்பில் காட்டுங்கள், தானாக மறுபடி அச்சிடாதீர்கள். பட்டுவாடா பட்டியல் இரண்டு பிரதி வந்து, இரண்டு பேர் இரண்டையும் வைத்துப் பணம் கொடுக்கக் கிளம்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மறு அச்சு வேண்டுமென்றால் ஓர் ஆள் தட்ட வேண்டும். அந்தக் காகிதத்தின் தலையில் ‘மறு அச்சு’ என்று பெரிதாக விழ வேண்டும்.

10. ஓடவிடும் முன் சோதனை

போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு முப்பது பதிவு போடுங்கள். சிக்னலைத் திறந்து, பதிவுகள் போய்க்கொண்டிருக்கும்போதே மறுபடி மூடுங்கள். இதை நாலு முறை செய்த பிறகு சர்வரில் சரியாக முப்பது இருக்க வேண்டும்.

போனின் தேதியை ஒரு நாள் பின்னால் தள்ளிப் பதிவு போடுங்கள். சர்வருக்கு வந்த நேரத்தோடு ஒப்பிட்டு ஆப் எச்சரிக்கிறதா என்று பாருங்கள். பிரிண்டர் தட்டிலிருந்து காகிதத்தை எடுத்துவிட்டுப் பட்டியல் கேளுங்கள். அதே சமயம் போனிலிருந்து பதிவு ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் 8-ஆம் படியில் எங்கோ இரண்டு வேலையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விபிஎஸ்ஸையும் அலுவலகக் கணினியையும் சொல்லாமல் மறுதொடக்கம் செய்யுங்கள். யாரும் கை வைக்காமல் இரண்டும் தானே வேலைக்குத் திரும்ப வேண்டும்.

இவ்வளவும் சரியாக நடந்த பிறகு ஒரே ஒரு நிலையத்தில் மட்டும் தொடங்குங்கள். முதல் பத்து நாள் பட்டுவாடா வரை கைப்பேரேடும் கூடவே நடக்கட்டும். பட்டியலையும் பேரேட்டையும் உறுப்பினர் உறுப்பினராக வைத்து, லிட்டரும் ரூபாயும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் மூன்று இடத்தில்தான் இருக்கும்: பழைய ரேட் சார்ட், வேளை மாறிய பதிவு, கையால் எழுதும்போது முழுமையாக்கிய பைசா. மூன்றும் ஒட்டிய பிறகு அடுத்த நிலையத்துக்குப் போனைக் கொடுக்கலாம்.